துப்பாக்கிப் பெட்டிக்கு இரண்டு சாவி

எங்கள் எதிர்வீட்டு அத்தைக்கு எதைக் கொடுத்தாலும் அவர் முதலில் அதன் மூடியைத்தான் பார்ப்பார். ஒரு தீபாவளிக்கு அம்மா எவர்சில்வர் டப்பாவில் ரவா லட்டு வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். அத்தை லட்டைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்தார், மூடினார். பிறகு மூடியின் விளிம்பில் ஒரே ஒரு விரலைக் கொடுத்து நெம்பினார். மூடி மெல்ல எழும்பி வந்தது.

"நல்லா கீது பாப்பா. ஆனா எங்க குட்டி கைக்கு ரெண்டு நிமிஷம் தாங்காது" என்றார். அதன் பிறகே ஒரு லட்டை எடுத்துக் கடித்தார்.

குட்டி அவருடைய ஒரே மகள். நாலரை வயது. அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் பயன்படுத்தியதாக நினைவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், தாழ்ப்பாள், தையல் இயந்திரத்தின் இழுப்பறை, என் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு என மூடியிருக்கும் எதுவும் அவள் கையில் திறந்துகொள்ளும். அத்தை அவளை அதற்காக அடித்து நான் பார்த்ததில்லை. எப்படித் திறந்தாள் என்று கேட்பார். அவள் செய்து காட்டுவாள். அத்தை மிகுந்த கவனத்தோடு பார்ப்பார்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால், எதிரெதிராக மூன்று மூன்று வீடுகள் கொண்ட ஒரு சிறிய வரிசையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா நிலையத்தில் பயணச்சீட்டு எழுத்தர். எழுபதுகளின் முற்பகுதி அது. நெடுஞ்சாலையோரம் வேர்க்கடலை விளைந்த நிலங்களில் ஒவ்வொன்றாக ஆலைச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். யாரும் என்னைத் தொட்டுப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. உறவினர் வந்து கன்னத்தைக் கிள்ளும் முன்பே ஓர் அடி பின்வாங்கியிருப்பேன். அத்தை இதை வந்த முதல் வாரத்திலேயே கவனித்திருக்க வேண்டும். அவர் என்னிடம் பேசும்போது எப்போதும் ஒரு கை தூரம் தள்ளியே நிற்பார்.

அவர் சூளூர்பேட்டைப் பக்கத்தில் பிறந்தவர். பேச்சில் தெலுங்கு கலந்திருக்கும். உயரம் குறைவு, நடை வேகம். உலகத்தை எல்லாரும் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் மறுபக்கத்திலிருந்து பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் இரு குடும்பமும் சேர்ந்து ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்க, அத்தை மட்டும் உண்டியலைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, "சாமி, இந்தக் கீலோட ஆணி வெளியே கீது" என்று அர்ச்சகரிடம் சொன்னார்.

அர்ச்சகர் தட்டைக் கீழே வைத்தார். "ஏம்மா, நீ கும்பிட வந்தியா, திருட வந்தியா?"

"கும்பிடத்தான் வந்தேன். திருடறவன் வந்தா எங்க கை வெப்பான்னு பாத்தேன்."

இதில் அவருக்குக் கூச்சமே இல்லை. "மூடறவங்க கண்ணால பாத்தா எல்லாமே பூட்டுதான் பாப்பா. தொறக்கறவங்க கண்ணால பாக்கணும்" என்பார். அவரிடம் நான் கேட்ட வாக்கியங்களில் அதிகமுறை கேட்டது இதுதான்.

அவருடைய கணவரை நான் மாமா என்று அழைத்தேன். பதினைந்து ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். மீசையும் குரலும் பெரியவை, மற்றபடி சாது. ஓய்வு பெற்று வந்த பின் ஓர் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கவில்லை. அப்போதுதான் புதிதாகத் தொடங்கிய ஓர் இரும்பு ஆலையில், காசாளர் அறைக்குக் காவலராக ஆள் எடுத்தார்கள். நிபந்தனை ஒன்று: காவலரிடம் சொந்தமாக உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்க வேண்டும். மாமா அலைந்து உரிமம் வாங்கினார். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றையும் வாங்கினார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி துப்பாக்கியோடு வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உரிமம் மாமாவின் பெயரில் இருந்ததால் துப்பாக்கியை ஆலையில் விட்டுவிட்டு வரவும் கூடாது. காலையில் அவரோடு போய் மாலையில் அவரோடு வீடு திரும்ப வேண்டும்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். மாமா அதை ஒரு கோரைப்பாயில் வைத்துச் சுருட்டி, மூலையில் மற்றப் பாய்களுக்கு நடுவே நிறுத்தினார். தோட்டாக்களை ஒரு துணியில் கட்டி அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தார். கையைத் தட்டிக்கொண்டு, "இனிமே எவன் வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது" என்றார்.

அத்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குட்டியைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, நைனா புதுசா ஒண்ணு எத்துக்கினு வந்துச்சே, அது எங்க கீது? காட்டு."

குட்டி நேராகப் போய் மூன்று பாய்களில் நடுப்பாயைத் தட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, அரிசி டிரம்மின் மீது கையை வைத்து, "பட்டாசு இதுல கீது" என்றாள்.

மாமாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.  அத்தை அரிசிக்குள் கையை விட்டு அந்தத் துணி மூட்டையை எடுத்தார். பாயை அப்படியே தூக்கி மாமாவின் தோளில் சாய்த்தார்.

"வா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம். துப்பாக்கியை அவங்ககிட்ட ஒப்படைச்சி ரசீது வாங்கு. நல்ல பெட்டி ஒண்ணு ஊட்டுக்கு வரட்டும். அப்புறம் இது வரட்டும்."

"ஒண்ணாந்தேதி வேலையில சேரணும்டி. மூணு வாரம்தான் கீது!"

"சேரு. பெட்டி வந்தா சேரு."

"வராட்டி?"

"வராட்டி வேலை போவட்டும்."

ஓராண்டாகத் தையல் இயந்திரத்தை மிதித்து அந்த வீட்டை நடத்தியவர் அவர். அந்த வேலைக்காக மாமாவைவிட அதிகம் காத்திருந்தவர். அவர் அப்படிச் சொன்னதும் மாமா பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். காவல் நிலையத்தில் கோரைப்பாயோடு ஒருவர் நுழைவதைப் பார்த்து, "இன்னா நைனா, இங்கியே தங்கப் போறியா?" என்று காவலர் ஒருவர் கேட்டாராம். மாமா அதைப் பல மாதம் கழித்தே சிரித்துக்கொண்டு சொன்னார்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் இரும்பு பீரோக் கடைகள் வரிசையாக இருந்தன. மாமாவோடு அங்கே போனபோது அத்தை என்னையும் அழைத்துச் சென்றார். நான் எதையும் அளந்து எழுதுவேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டங்கள் போட்டுக்கொண்டேன்: நீளம், அகலம், உயரம், தகட்டின் கனம், விலை.

முதல் கடையிலேயே விலைக் கட்டம் எங்களை நிதானத்துக்குக் கொண்டுவந்தது. ஆள் உயர பீரோ ஒன்றின் விலை மாமாவின் வரப்போகும் சம்பளத்தில் இரண்டு மாதத்தை விழுங்கிவிடும். அத்தை அசரவில்லை. கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். கதவின் கீல்கள் வெளியே தெரிகின்றனவா என்று பார்த்தார். பீரோவை இரு கைகளாலும் தள்ளினார், அது நகர்ந்தது. கடைக்காரர் பெருமையாக நின்றிருந்தார்.

"இதோட சாவி தொலைஞ்சிட்டா இன்னா பண்றது?" என்று அத்தை கேட்டார்.

"கவலையே வேணாம்மா. ஒரு போன் பண்ணுங்க. நம்ம ஆளு வந்து ரெண்டே நிமிஷத்துல தொறந்து குடுத்துடுவான்."

"பாப்பா, எழுதிக்கோ. ரெண்டு நிமிஷம்."

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டேன்: திறக்க ஆகும் நேரம். அன்று ஐந்து கடைகள் ஏறினோம். ஆறாவது கட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் எங்கும் எழுத முடியவில்லை.

கடைசியாக ஒரு பழைய சாமான் கடையில், எந்த முதலாளியிடமிருந்தோ வந்த பணப்பெட்டி ஒன்று கிடந்தது. குட்டையானது, சுவர் போலக் கனமானது. வண்ணம் உரிந்துபோனதால் விலை குறைவு. அத்தை அதைத் தட்டிப் பார்த்துவிட்டு முதல் முறையாக முகம் மலர்ந்தார். ஆனால் துப்பாக்கியோ அதைப்போல் இரு மடங்கு நீளம். அந்தக் குட்டைப் பெட்டியின் முன்னால் மாமா தன் துப்பாக்கியை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

"தெனமும் பிரிச்சி எண்ணெய் போட்டு வெச்சா அது இன்னும் நாப்பது வருஷம் ஒழைக்கும்."

அத்தை நிமிர்ந்தார். "பிரிச்சியா? அது பிரியுமா?"

"பிரியாம? குழல் தனி, கட்டை தனி, முன்கட்டை தனி. மூணாப் பிரியும்."

"ஏன்யா, அஞ்சு கடை ஏறி எறங்கினோமே, ஒரு கடையிலயாவது வாயைத் தொறந்தியா?"

"நீ கேக்கலியே."

'பிரியும்' என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் தேடல் பாதியாகச் சுருங்கியது. ஆள் உயரப் பெட்டி தேவையில்லை. குழலின் நீளத்துக்கு ஒரு சாண் கூடுதலாக, மூன்றடிப் பெட்டி போதும். பழைய பணப்பெட்டி அதற்கும் குட்டை. கும்மிடிப்பூண்டி வரை ஏற்றிச் செல்ல லாரி வேறு பிடிக்க வேண்டும். ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்று அத்தை முடிவு செய்தார். திரும்பும் பாசஞ்சர் வண்டியில் மாமா மட்டும் கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியைத் தினமும் துண்டு துண்டாக்கி வைப்பது ஒரு சிப்பாய்க்கு அழகில்லையாம்.

"அழகுக்கு மீசை கீதே, அது போதும்" என்றார் அத்தை.

நெடுஞ்சாலையோரம் ஆலைகளுக்குக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வெட்டி மிஞ்சிய தகடுகளில் பெட்டி செய்தால் மலிவாக முடியும். பட்டறைக்காரர் எந்த கேஜ் தகடு வேண்டும் என்று கேட்டார். பதினாறும் இருக்கிறது, இருபத்திரண்டும் இருக்கிறது என்றார். மாமா முன்னால் வந்தார்.

"இருபத்திரண்டே போடுப்பா. புள்ளை இருக்கிற ஊடு. கம்மியா எதுக்கு?"

பட்டறைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அத்தை விவாதிக்கவில்லை. இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். இருபத்திரண்டைக் கட்டை விரலால் அமுக்கினார். அது உள்ளே குழிந்து, டொக்கென்று வெளியே வந்தது. பதினாறை அமுக்கினார்; அது அப்படியே இருந்தது.

"நம்பர் கம்மியானா தகடு கனம்மா" என்றார் பட்டறைக்காரர்.

"உங்க நம்பர் எனக்கு எதுக்குப்பா. விரல் சொல்லிடுச்சி. இதைப் போடு. கீல் உள்பக்கம் வரணும். பெட்டியோட அடியில நாலு ஓட்டை. உள்ளேருந்து தரையில போல்ட்டு போட்டு முடுக்கணும், வெளியேருந்து தெரியக் கூடாது."

பெட்டி வந்தபோது ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. சாம்பல் நிறம், கதவில் பதித்த பூட்டு. எங்கள் வரிசை முழுவதும் வந்து பார்த்தது. மாமா ஒவ்வொருவருக்கும் அதைத் தட்டிக் காட்டினார். அத்தை மட்டும் திருப்தியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். வீடு வீடாகப் போய், "உங்க பீரோ சாவியைக் கொஞ்சம் எடுத்துக்கினு வாங்க" என்று கூப்பிட்டார். பீரோ சாவியை யார்தான் இன்னொருவர் கையில் தருவார்கள்? எல்லாரும் அவரவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னவோ ஏதோ என்று வந்து நின்றார்கள். அத்தை ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவராகப் பெட்டி முன் உட்கார்ந்து தங்கள் சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்க வேண்டும் என்றார்.

முதல் சாவி நுழையவே இல்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. மூன்றாவதும் அப்படியே. நான்காவதாக அம்மா உட்கார்ந்து, கூச்சத்தோடு சாவியைப் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியது. கதவு திறந்துகொண்டது.

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மாவின் கை சாவியிலேயே நின்றது.

"அக்கா, அப்போ உங்க சாவி என் பீரோவையும் தொறக்குமா?" என்றார் அம்மா.

"தொறக்கும்மா. உன் நகையைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல என் புள்ளையைப் பத்திப் பேசறேன்."

பட்டறைக்காரர் வந்து மன்றாடினார். மலிவான பூட்டுகளுக்குச் சாவிகள் நாலைந்து வகைதான் என்பதும், அவை ஊரெல்லாம் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதும் அவருக்கும் அன்றுதான் உறைத்தது. பதித்த பூட்டைக் கழற்றிவிட்டு, கதவில் வெளிப்பூட்டு மாட்ட இரண்டு வளையங்களை மேலும் கீழுமாகப் பற்றவைத்துத் தந்தார். பூட்டின் கம்பியை அறுக்க முடியாதபடி மேலே ஒரு தகட்டு உறையும் வைத்தார். இரண்டு வளையம் எதற்கு என்று மாமா கேட்டார். "ஒண்ணு போதாட்டி?" என்றார் அத்தை.

அமாவாசையன்று திருவள்ளூருக்குப் போனோம். பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டம் தெப்பக்குளத்தைச் சுற்றி நெரிந்தது. குளக்கரைத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் திண்டுக்கல் பூட்டுகள் கொத்தாகத் தொங்கின. கையால் செய்தவை, ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்காது. அத்தை நம்பவில்லை. கடையிலிருந்த எல்லாச் சாவிகளையும் ஒரே பூட்டில் போட்டுப் பார்த்தார். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், கடைசியில் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, "உக்காந்தே பாருங்கம்மா" என்றார். ஒன்றும் திறக்கவில்லை. அத்தை ஒரே ஒரு பூட்டு வாங்கினார். இரண்டு வாங்க அன்று வசதியில்லை.

சாவியை எங்கே வைப்பது? ஊரில் எல்லாருக்கும் சாமி படத்துக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. எல்லார் வீட்டுக் குழந்தைகளுக்கும் அந்த ஆணி தெரியும். அத்தை சாவியைத் தாலிக்கயிற்றில் ஊக்குகளோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார். "இதை என் கழுத்தை விட்டு யார் எடுக்கப் போறாங்க?" என்றார்.

இரண்டாம் நாள் பிற்பகலில் குட்டி எடுத்துவிட்டாள்.

அவளுக்கு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினால்தான் தூக்கம் வரும். தூக்கம் வரும்வரை தாலிக்கயிற்றை உருட்டிக்கொண்டிருப்பாள். அன்று அவளுக்கு முன்னால் அத்தை தூங்கிவிட்டார். கண் விழித்தபோது திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காலிப் பெட்டிக்குள் தன் பொம்மையைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள் குட்டி.

ஒன்றாம் தேதிக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. மாமா வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போச்சு. வேலை போச்சு. நல்ல பூட்டுன்னு சொன்னியே."

"பூட்டு நல்ல பூட்டுதான்" என்றார் அத்தை. குரல் தாழ்ந்திருந்தது. "சாவிதான் சரியில்ல. சாவி நான்தான். எம்மேல சாயாம அவளால இருக்க முடியாது. நானும் அவளைத் தள்ளிவிட மாட்டேன்."

அவர் தோற்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எல்லாப் பொருள்களையும் திறப்பவர் கண்ணால் பார்த்தவர், தன்னை மட்டும் அப்படிப் பார்க்க மறந்துவிட்டார்.

மாமா எழுந்து உள்ளே போனார். அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. ராணுவத்திலிருந்து கொண்டுவந்தது அது. அதற்கு ஒரு பித்தளைப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் சாவி அவருடைய அரைஞாணில் பதினைந்து ஆண்டுகளாகத் தொங்கியது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அத்தைக்கே தெரியாது. பூட்டிய பெட்டிகளில் அவர் கை வைக்காத ஒரே பெட்டி அதுதான். மாமா அந்தப் பூட்டைக் கழற்றி எடுத்து வந்து, இரும்புப் பெட்டியின் இரண்டாவது வளையத்தில் மாட்டினார்.

"உன் சாவி உங்கிட்ட. என் சாவி எங்கிட்ட. ரெண்டும் இருந்தாத்தான் தொறக்கும். இப்போ?"

 அத்தை டிரங்குப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கம்பளிச் சட்டை, ஒரு தகரத் தட்டு, பாதி தீர்ந்த பாலிஷ் டப்பி.

"இதுக்கா பதினைஞ்சு வருஷம் பூட்டு போட்டே?"

"ராணுவத்துல பூட்டணும். பூட்டினேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, குட்டியைத் தூக்கிப் பெட்டி முன்னால் நிறுத்தினார்.

"அம்மாடி, இப்போ இதை நீ எப்படித் தொறப்பே?"

குட்டி மேல் பூட்டைப் பார்த்தாள், கீழ்ப் பூட்டைப் பார்த்தாள். அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள், அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் தூங்கினப்புறம்" என்றாள்.

மாமா மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஆனால் அத்தையின் முகத்தில் கவலை இல்லை. மகளைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமைகூட இருந்தது. அவர் தலையைத் திருப்பி, கதவோரம் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நைனாவோட சாவி ராத்திரியில உங்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் பூட்டினதும் குடுத்துடுவாரு. காலையில நீதான் எல்லாருக்கும் முன்னாடி படிக்க எழுந்திருக்கிறே. வந்து வாங்கிக்குவாரு."

"நானா? ஏன் அத்தை?"

"உன்னைக் கட்டிப் புடிக்க எவளுக்கும் தைரியம் வராது."

அம்மா இதைக் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது. என் குணத்தில் இப்படி ஒரு பயன் இருக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று மாலையே துப்பாக்கி காவல் நிலையத்திலிருந்து வந்தது. மூன்றாகப் பிரிந்து பெட்டிக்குள் போனது. தோட்டாக்களும் அதே பெட்டிக்குள் ஒரு தகர டப்பியில். டப்பியின் மூடியை அத்தை கயிறு போட்டுக் கட்டினார். ஒன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கு மாமா எங்கள் வீட்டு வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். சாவியைக் கொடுத்தேன். எதிர்வீட்டில் இருவரும் பெட்டியின் முன்னால் அருகருகே குந்தி, ஆளுக்கு ஒரு பூட்டைத் திறந்தார்கள். அதன் பிறகு தினமும் காலையிலும் மாலையிலும் அந்தக் காட்சி நடந்தது. முந்தின நாள் சண்டை போட்டிருந்தாலும் குந்தித்தான் ஆக வேண்டும். சில நாள்கள் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பூட்டுகள் மட்டும் கிளிக், கிளிக் என்று பேசிக்கொள்ளும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. மாமாவுக்குத் துப்பாக்கியைச் சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி முன்னால் வைக்க ஆசை. படைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். அப்படியானால் ஓர் இரவு முழுவதும் அது வெளியே இருக்கும்.

"முடியாது" என்றார் அத்தை.

"சாமிக்குடி!"

"சாமிக்கு உள்ள இன்னா கீதுன்னு தெரியும். தெரியாதவங்களுக்கு எதுக்குக் காட்டணும்?"

அவர் பெட்டிக்கே சந்தனம் பூசினார். இரண்டு பூட்டுகளுக்கும் இரண்டு குங்குமப் பொட்டுகள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பொரியும் சுண்டலும் வந்த பிறகு இறக்கி வைத்தார்.

எங்கள் வீட்டில் நான் என் புத்தகங்களைச் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கியிருந்தேன். மறுநாள்வரை அவற்றை யாரும் தொடமாட்டார்கள். ஆலைக்கு விடுமுறை; மாமாவுக்குச் சாவி தேவையில்லை. ஆகவே சாவியைத் தமிழ்ப் பாடப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடி, அதன் மேல் மற்றப் புத்தகங்களை அடுக்கியிருந்தேன். அதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் குட்டி ஒரு கிண்ணத்தில் சுண்டலோடு வந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. எதற்கு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய சின்னக் கைகள் என் தாவணி முடிச்சையும் பாவாடை நாடாவையும் ஒழுங்காக, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தன. நான் பின்வாங்கவில்லை, தேடட்டும் என்று நின்றேன். தேடி முடித்து அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என்னையும் அறியாமல் என் கண் ஒரு கணம் புத்தக அடுக்கின் பக்கம் போய் வந்தது. அவளுடைய பார்வையும் மெதுவாக அங்கே திரும்பியது.

நான் அவளை இரண்டு கைகளாலும் சேர்த்து அணைத்துக்கொண்டேன். இறுக்கமாக. அவள் நெளிந்தாள், சிரித்தாள், திமிறினாள். அவள் தலைமுடியில் தேங்காய் எண்ணெயும் சந்தனமும் மணத்தன. நான் விடவில்லை.

அத்தை மகளைத் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார், நான் எந்தப் பக்கம் முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று பார்த்தார். அவருக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

"புத்தகத்துலயா வெச்சே?" என்றார். "எடத்தை மாத்து பாப்பா."

மாற்றினேன். ஆனால் குட்டியை விடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.